மூன்றுக்குப் பதில் ஐந்து

கேட்டில் கட்டியிருந்த பேனரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நான் உள்ளே வந்துவிட்டேன், அம்மாதான் அங்கேயே நின்றுவிட்டாள், கோயில் வாசலில் நிற்பவள் மாதிரி செருப்பிலிருந்து ஒரு காலை உருவப் போய், அப்புறம் வெட்கப்பட்டு மறுபடி மாட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள், மூக்குதான் கொஞ்சம் அகலமா விழுந்துருச்சு கண்ணு, மத்தபடி நல்லாருக்குது என்றாள். என் பாஸ்போர்ட் போட்டோவை ஆள் உயரத்துக்கு இழுத்திருக்கிறார்கள். கீழே சிவப்பில் செ. கோகிலவாணி, கணிதம், நூற்றுக்கு நூறு. பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரமே கட்டியது, வெயிலில் வெளுக்கும் வெளுக்கும் என்று பார்க்கிறேன், வெளுக்கவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற பஸ்ஸெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு கணமாவது என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே காதுமடல் சுடும். இப்போதும் சுடுகிறது. தலைமையாசிரியை அறைக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், பிளஸ் ஒன் சேர்க்கை, கையில் டோக்கன், உள்ளே போனால் எந்த குரூப் என்று கேட்பார்கள். மற்றவர்களைத்தான் கேட்பார்கள். என்னைக் கேட்க மாட்டார்கள், அவர்களே எழுதிவிடுவார்கள், முதல் குரூப், கணக்கு பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி, அது கிடைத்தால்தான் இன்ஜினியரிங் காலேஜ், நூற்றுக்கு நூறு வாங்கினவளுக்கு வேறு என்ன எழுதுவார்கள். அதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கணக்குத் தெரியாது மிஸ். அவ்வளவுதான், சின்ன வாக்கியம், காலையிலிருந்து உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன், எனக்குக் கணக்குத் தெரியாது மிஸ், கணக்கு எனக்குத் தெரியாது மிஸ், எப்படிச் சொன்னால் தடுக்காமல் வரும் என்று, பார், இதையும் மனப்பாடம்தான் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மனப்பாடம் வரும். அது ஒன்றுதான் வரும். மற்ற பிள்ளைகள் கணக்கைப் போடுவார்கள், நான் ஒப்பிப்பேன், இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் பேப்பரில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள், சாயங்காலம் கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் பேசுவது எதுவும் காதில் விழாது, அதற்கு மேல் சத்தம் போட்டுத்தான் நான் கணக்குச் சொல்வேன், அம்மா ஒரு கையால் கல்லோரம் ஒட்டுகிற மாவை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டு இன்னொரு கையில் கைடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பாள். எட்டாவதோடு நின்றவள். ஏ சமம் மூன்று, டி சமம் மூன்று என்று நான் சொல்லச் சொல்ல அவள் கண் எழுத்தெழுத்தாக நகரும், ஒரு வரி விட்டேனோ, நிறுத்து நிறுத்து என்பாள். எனவே என்பதற்குக் கணக்கில் முக்கோணமாக மூன்று புள்ளி வைப்பார்கள் இல்லையா, அதற்கு அம்மாவுக்குப் பெயர் தெரியாது, மூணு புள்ளி விட்டுட்ட கண்ணு என்பாள், நான் திரும்ப மேலேயிருந்து ஆரம்பிப்பேன். ஒரு கணக்கு, இரண்டு கணக்கு அல்ல, புத்தகம் முழுக்க, கைடு முழுக்க, திருப்புதல் தேர்வுக் கேள்வித்தாள் முழுக்க. புளித்த மாவு வாசம் வந்தால் எனக்கு இப்போதும் சூத்திரம் ஞாபகம் வரும். எந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில், மேலேயா கீழேயா, எந்தப் பக்கத்தில் மாவுக் கறை, எல்லாம் தெரியும், அந்தக் கணக்கு என்ன கேட்கிறது என்பது மட்டும் தெரியாது. பரீட்சையில் கட்டாயக் கேள்வி என்று ஒன்று வரும், புத்தகத்தில் இல்லாததைக் கேட்பார்கள், அதற்குத்தான் நான் பயந்தேன், கேள்வித்தாளைத் திருப்பும்போது விரல் ஒட்டிக்கொண்டது, பார்த்தால் திருப்புதல் தேர்வில் வந்த அதே கணக்கு, எண்கூட மாறவில்லை. அன்றைக்கு நான் சாமி கும்பிட்டேன். இன்றைக்கு நினைத்தால் அந்த எண் மாறியிருக்கலாம் என்று தோன்றுகிறது, மாறியிருந்தால் எண்பதோ எண்பத்தைந்தோ, பேனர் இல்லை, பெஞ்சில் சாதாரணமாக உட்கார்ந்திருப்பேன், அம்மா செருப்பைக் கழற்றியிருக்க மாட்டாள்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது ஜெனிட்டா கேட்டாள். ஜெனிட்டா என் வகுப்பு, பின் பெஞ்சு, வாய் நீளம், கையெழுத்து கோழி கிளறின மாதிரி, கணக்குப் போட்டால் நடுவில் நாலு வரியைத் தாண்டிக் குதித்து விடைக்குப் போய்விடுவாள், மிஸ் அதற்கெல்லாம் மார்க் குறைப்பார்கள், குறைச்சுக்குங்க மிஸ், விடை சரிதானே என்பாள். அன்றைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, கட்டாயக் கேள்வியை எப்படிடீ போட்ட என்றாள். நான் சொன்னேன், ஒப்பித்தேன். அவள் நின்றுவிட்டாள். அது சரி, அந்த இடத்துல ஏன் ரெண்டால வகுத்த? அப்படித்தான் வரும் என்றேன். அப்படித்தான் வரும்னா? அப்படித்தான் ஜெனி வரும். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், கிண்டலாகக்கூட இல்லை, கிண்டலாக இருந்திருந்தால் பரவாயில்லை, ஒரு வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்து உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்துகொண்ட மாதிரி. அப்புறம் பெல்லை அடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அறுபத்து மூன்று. எனக்கு நூறு. முடிவு வந்த அன்றைக்கு நான் அவளுக்கு போன் பண்ணவில்லை, அவள்தான் பண்ணினாள், கலக்கிட்டடி வாணி என்றாள். லீவில் ஒரு நாள் அம்மா தூங்கும்போது பழைய புத்தகத்தை எடுத்து, தெரிந்த கணக்கிலேயே ஒரு எண்ணை மாற்றி எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மாற்றி எழுதினேன். அடுத்த வரிக்குக் கை பழைய வரியைத்தான் எழுதியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், மறுபடியும் பழைய வரி. வியர்த்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வியர்த்தது. புத்தகத்தை மூடி பரண் மேல் போட்டுவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அப்பா போர்வெல் லாரியில் போகிறவர், வருஷத்தில் முக்கால்வாசி சத்தீஸ்கர், ஒடிசா, எங்கே தண்ணீர் இல்லையோ அங்கே. முடிவு வந்தபோது வீடியோ காலில் வந்தார், பின்னால் மஞ்சள் லாரி, முகமெல்லாம் சிமெண்ட் பூசின மாதிரி பாறைத் தூசி, கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் போனுக்குள் தலையை நீட்டினார்கள். என்ற புள்ள நூத்துக்கு நூறு, என்ன வேணும்னாலும் கேளுங்கடா என்றார் அப்பா. யாரோ சிரித்துக்கொண்டு, ஏம்மா, ராடு ஒன்னு இருவது அடி, அறநூத்தி எம்பது அடி போட்டா எத்தன ராடு இறங்கியிருக்கும் என்று கேட்டார்கள். சாதாரண வகுத்தல். எனக்குத் தெரியும், தெரியாமல் இல்லை, ஆனால் இத்தனை முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இது எந்தப் பக்கத்துக் கணக்கு என்று மனசு தேடப் போய்விட்டது, எந்தப் பக்கத்திலும் இல்லை, அப்பா முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று காத்திருந்தது, நான் ஹலோ ஹலோ, கேக்கலீங்கப்பா, சிக்னல் இல்லீங்க என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். அப்பா திரும்பக் கூப்பிட்டபோது அம்மாவைப் பேசச் சொன்னேன். சிக்னல் இல்லையாமா என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. ஆமாங் என்றாள் அம்மா. பக்கத்திலேயே இருந்தவள் அவள், எனக்காகச் சொன்னாளா, உண்மையென்று நினைத்துச் சொன்னாளா, தெரியாது, அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்த ஆமாங் கேட்கிறது. இன்றைக்குக் காலையில்கூட அப்பா போனில், இன்ஜினியரிங்குக்கு என்ன குரூப்போ அதையே போட்டுருங்க, அவ பாத்துக்குவா என்றார். ரோட்டில் இன்ஜினியரிங் காலேஜ் பஸ் போனால் அம்மா மாவுப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பாள், ஜன்னலில் அந்தப் பிள்ளைகள் கழுத்தில் நாடா போட்டு அட்டை தொங்கும், அந்த நாடா என் கழுத்தில் தொங்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அங்கே போய் உட்கார்ந்தால் கைடு இருக்காது. பிளஸ் ஒன்னிலேயே புத்தகம் இரண்டு பாகமாம், தொகையிடல், வகையிடல் என்றெல்லாம் வருமாம், அக்காமார்கள் சொல்கிறார்கள், எவ்வளவு பக்கம் இருந்தாலும் ஒப்பித்துவிடலாம் என்று ஒரு மனசு சொல்கிறது, அந்த மனசைக் கண்டுதான் எனக்குப் பயம், ஏனென்றால் அது உண்மையாகவே செய்துவிடும், அங்கேயும் நூறு வாங்கிவிடும், அப்புறம் இன்னும் பெரிய பேனர், இன்னும் பெரிய கட்டடம், ஒரு நாள் யாராவது சாதாரணமாக ஒன்று கேட்பார்கள், சிக்னல் இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில்.

அறைக் கதவு திறந்து ஜெனிட்டா வெளியே வந்தாள், பின்னால் அவள் அப்பா. கையில் ரசீது. காமர்ஸ்தான்டி குடுத்தாங்க என்றாள். எழுபதுக்குக் கீழ இருந்தா முதல் குரூப் கிடையாதாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் ரசீதை மடித்து மடித்து நகத்தளவுக்குக் கொண்டு வந்துவிட்டிருந்தாள். நீ கேட்டியா என்றேன். கேட்டேன், கணக்குல ஒரு டெஸ்ட் வைங்க மிஸ், எழுதிக் காமிக்கிறேன்னேன், வாயைக் குறைன்னாங்க. உனக்கென்ன, போ, உக்காந்து ராணி மாதிரி கையெழுத்துப் போடு. அம்மா அவள் தோளைத் தொட்டு, காமர்ஸும் நல்லதுதான் சாமி என்றாள், பெரிய மனுஷி ஆறுதல் சொல்கிற குரலில், அந்தக் குரலில் ஒரு பொட்டு கர்வம் இருந்தது, பாவம், அவளுக்கே தெரியாது. ஜெனிட்டாவின் அப்பா என்னைப் பார்த்து, நல்லாப் படி கண்ணு, ஊருக்கே பேரு என்றார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள், டோக்கன் எண்ணைச் சொல்லவில்லை, பெயரையே சொன்னார்கள்.

உள்ளே தலைமையாசிரியை, பக்கத்தில் பிளஸ் ஒன் கணக்கு எடுக்கிற நல்லுசாமி சார், ஓரத்தில் படிவம் நிரப்புகிற கிளார்க். வா வா, நம்ம சென்டம் என்றார் ஹெச்.எம். மிஸ், உக்காருங்கம்மா என்று அம்மாவுக்கு நாற்காலி காட்டினார், மற்ற அம்மாக்கள் நின்றுகொண்டுதான் பேசிவிட்டுப் போனார்கள். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கிளார்க் கேட்காமலேயே எழுத ஆரம்பித்துவிட்டார், பேனா முனை பேப்பரில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது, இப்போது சொல்லாவிட்டால் எழுதி முடித்துவிடுவார், சொல், சொல்லிவிடு.

“எனக்குக் கணக்கு வராதுங் மிஸ். காமர்ஸ் குடுத்துருங்க.”

ஒத்திகை பார்த்தது ஒன்று, வாயில் வந்தது ஒன்று. ஹெச்.எம். மிஸ் சிரித்தார், உண்மையான சிரிப்பு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாத்தீங்களா சார், இதுதான் அடக்கம். இங்க நாப்பது வாங்கினதெல்லாம் டாக்டருக்குப் படிக்கணும்ங்குது, இவ கணக்கு வராதுங்கிறா.” அம்மாவும் சிரித்தாள், எப்பவுமே இப்படித்தாங்க, சொல்லிக்கவே மாட்டா என்றாள். இல்லீங் மிஸ், நெஜமாத்தான் என்றேன். சத்தம் வரவில்லை. “சார், நீங்களே ஒரு கணக்குக் கேளுங்க, பயத்தைத் தெளிய வைங்க” என்றார் மிஸ். நல்லுசாமி சார் யோசித்தார், அவர் கெட்டவர் இல்லை, விளையாட்டாகத்தான், “ஒன்றுக்கும் நூறுக்கும் இடையே மூன்றால் வகுபடும் எல்லா எண்களோட கூடுதல் என்ன, சொல்லு பாக்கலாம்” என்றார். தெரியாது என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் நான் செய்ய வேண்டியது, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் கேள்வி காதில் விழுந்ததும் இடது பக்கம், கீழ்ப் பாதி, ஓரத்தில் மாவுக் கறை, பக்கம் விரிந்துவிட்டது, என் நாக்கு என்னைக் கேட்கவில்லை. தீர்வு, மூன்றால் வகுபடும் எண்கள் மூன்று ஆறு ஒன்பது முதல் தொண்ணூற்று ஒன்பது வரை, இது ஒரு கூட்டுத்தொடர் வரிசை, ஏ சமம் மூன்று, டி சமம் மூன்று, எல் சமம் தொண்ணூற்று ஒன்பது, என் சமம் எல் கழித்தல் ஏ வகுத்தல் டி கூட்டல் ஒன்று, முப்பத்து மூன்று, ஓடிக்கொண்டே இருந்தது, நான் உள்ளேயிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அடுத்த வீட்டு ரேடியோவைக் கேட்கிற மாதிரி, நிறுத்து என்று சொல்லிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன், என் வகுத்தல் இரண்டு, பெருக்கல் ஏ கூட்டல் எல், முப்பத்து மூன்று பெருக்கல் ஐம்பத்தொன்று, கூடுதல் ஆயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்று.

“மூணு புள்ளி விட்டுட்ட கண்ணு” என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெச்.எம். மிஸ் திகைத்து, அப்புறம் புரிந்து, “அம்மாவே சென்டம் போல இருக்கே” என்று மேசையைத் தட்டினார், கிளார்க்கும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார், அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்து, கூச்சமும் சந்தோஷமுமாக முந்தானையைத் திருகினாள், நாந்தாங்க தெனமும் கேப்பேன், மாவு ஆட்டிக்கிட்டே கேப்பேன் என்றாள். அவளை யாரும் இப்படி ஒரு அறைக்குள் வைத்துப் பாராட்டியதே இல்லை. நல்லுசாமி சார் மட்டும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். “பிரமாதம்மா. அதையே மூன்றுக்குப் பதிலா அஞ்சு போட்டுச் சொல்லு.” பக்கம் விரியவில்லை. இடது பக்கம் இல்லை, வலது பக்கம் இல்லை, வெள்ளையாக எதுவோ, அதில் என் மூச்சு மட்டும். அஞ்சு. அஞ்சு போட்டால் எங்கே போடுவது, ஏ-விலா, டி-யிலா, தொண்ணூற்று ஒன்பதை என்ன செய்வது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்கள். சார் காத்திருந்தார். ஹெச்.எம். மிஸ் காத்திருந்தார், சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது. அம்மா என் வாயையே பார்த்தாள், வரி மறந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள், எடுத்துக்கொடுக்க வேண்டியது அவள் வேலைதானே, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்பதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்க, “ஆயிரத்து அறநூத்தி எம்பத்தி மூணு” என்றாள்.

“சரிங்கம்மா” என்றார் சார். குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவ்வளவு மெதுவாக, நோயாளி வீட்டில் பேசுகிற மாதிரி. அவர் மனசு நல்ல மனசுதான், அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா சொன்னது தப்பு என்று இந்த அறையில் எல்லாருக்கும் தெரிகிறது, அம்மாவுக்கு மட்டும் தெரியவில்லை, அவள் நாற்காலி நுனியில் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறாள், கிளார்க் வேறு பக்கம் பார்க்கிறார், நான் சும்மா இருந்தால் அவள் இப்படியே எழுந்து சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள், இவர்கள் சாயங்காலம் டீ குடிக்கும்போது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இவ்வளவு நாள் என்னைப் பற்றித்தான் எனக்கு வெட்கம். இது அது இல்லை. இது வேறு இடத்தில் சுட்டது.

“அது மூணுக்குங்க சார்” என்றேன். “அம்மா சொன்னது மூணு போட்ட கணக்குக்குச் சரி. அஞ்சு போட்டா எனக்குத் தெரியாது. எனக்குப் புத்தகத்துல இருக்கறது மட்டுந்தான் தெரியும். எல்லாமே ஒப்பிச்சதுதாங்க. அம்மா மேல தப்பில்ல, நான்தான் அம்மாகிட்ட சொல்லல.”

யாரும் சிரிக்கவில்லை. நான் அம்மாவைப் பார்க்கவில்லை. ஹெச்.எம். மிஸ் எழுந்து போய் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “இங்க பாரு கோகிலவாணி” என்றார், குரல் கோபமாக இல்லை, வேலைக் குரல். “எல்லாரும் அப்படித்தான் படிச்சிட்டு வர்றாங்க. பிளஸ் டூவும் அப்படியே படிச்சிரலாம். உனக்கு ஞாபக சக்தி இருக்கு, அது பெரிய வரம். இந்த வருஷம் நம்ம ஸ்கூல்ல ஒரே ஒரு சென்டம், அந்த சென்டம் காமர்ஸ் எடுத்தா ஊர்ல என்ன பேசுவாங்க? இந்தப் பேச்சு இந்த ரூமோட இருக்கட்டும், வெளிய சொல்லாத. சார், முதல் குரூப் போட்டுருங்க. அம்மா, இங்க ஒரு கையெழுத்து.” கிளார்க் படிவத்தைத் திருப்பி அம்மா பக்கம் தள்ளினார். அம்மா பேனாவை வாங்கினாள். எனக்குள் ஒரு கேவலமான நிம்மதி எட்டிப் பார்த்தது, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள், இனி ஒப்பித்தாலும் அது என் தப்பில்லை என்று. அந்த நிம்மதியைத்தான் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா பேனாவைப் பேப்பரில் வைக்கவில்லை. மூடியைத் தேடி மூடினாள். “கொஞ்சம் வெளிய போயிட்டு வந்தர்றோங்க மிஸ்” என்றாள். மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மா அதற்குள் எழுந்துவிட்டாள், பேனாவைக் கையோடு கொண்டு வந்துவிட்டாள், அது அவளுக்குத் தெரியவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், குட்டைச் சுவரோரம், நிழல் இல்லாத இடத்தில் போய் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். வெயில் தலையில் இறங்கியது. வாட்ச்மேன் அறை ஃபேன் கடகடத்தது. என்னைப் பார்க்காமல், “அப்ப நான் இத்தன நாளா என்னத்தடா கேட்டுக்கிட்டிருந்தேன்?” என்றாள். பிரியம் வந்தாலும் துக்கம் வந்தாலும் அவள் என்னை டா போட்டுத்தான் கூப்பிடுவாள். கேட்டதெல்லாம் கணக்கும்மா, நான் சொன்னதுதான் கணக்கு இல்லை என்று சொல்லலாமா, அதற்கு என்ன அர்த்தம், எனக்கே தெரியவில்லை. நான் அழுதேன். அவள் அழவில்லை. அழாமல், “நான் உள்ள சொன்னது தப்பா?” என்று கேட்டாள். தலையாட்டினேன். “எல்லாருக்கும் தெரிஞ்சுதா?” தலையாட்டினேன். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள், துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கையில் பேனா இருப்பதைப் பார்த்தாள். “அஞ்சு போட்டா என்ன வரும்?”

“தெரியலம்மா.”

“போட்டுப் பாரு. அதத்தான் கேட்டாரு, போட்டுப் பாரு.” மாவு வாங்க வருகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போகிற துண்டுச் சீட்டு எப்போதும் அவள் பர்ஸில் இருக்கும், ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிச் சுவரில் வைத்தாள், காற்றில் பறக்காமல் விரலால் அமுக்கிக்கொண்டாள். நான் எழுதினேன். ஏ சமம், கை மூன்று என்று எழுதியது. அடித்தேன். ஐந்து. டி சமம், இது என்ன டி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு தாண்டுகிறது, ஐந்து பத்து பதினைந்து, ஐந்து தாண்டுகிறது, அதுதானா டி, இவ்வளவுதானா, இதைத்தானா ஒரு வருஷமாக டி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல் சமம், கை தொண்ணூற்று ஒன்பது எழுதப் போனது, பிடித்து நிறுத்தினேன். ஐந்து பத்து என்று விரல் விட்டு எண்ணினேன், சின்னப் பிள்ளை மாதிரி, வராந்தாவில் இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள், சென்டம் வாங்கின பெண் வெயிலில் நின்று விரல் விட்டு எண்ணுகிறாள், பார்க்கட்டும் என்று நினைக்க முடியவில்லை, கூசத்தான் செய்தது, கூசிக்கொண்டே எண்ணினேன். தொண்ணூறு, தொண்ணூற்று ஐந்து, நூறு. அங்கே நின்றேன். நூறு சேருமா? நூறு சேர்ந்தால் ஆயிரத்து ஐம்பது வருகிறது. சேராவிட்டால் தொள்ளாயிரத்து ஐம்பது. இரண்டையும் எழுதினேன். அடித்தல் திருத்தல் போக சீட்டில் இடமே இல்லை.

“ரெண்டு விடை இருக்குது?” என்றாள் அம்மா. “எது சரி?”

மூன்று போட்ட கணக்கில் இந்தச் சந்தேகம் வராது, அங்கே தொண்ணூற்று ஒன்பதோடு நின்றுவிடும், அடுத்தது நூற்று இரண்டு, நூறைத் தொடவே தொடாது, அதனால் அங்கே கேட்க வேண்டியதே இல்லை. ஒன்றுக்கும் நூறுக்கும் இடையே. இடையே என்றால் நடுவில். நம் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே எத்தனை கடை என்றால் நம் வீட்டை எண்ண மாட்டோம், பள்ளிக்கூடத்தையும் எண்ண மாட்டோம்.

“நூறு சேராதும்மா. தொள்ளாயிரத்து ஐம்பது.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

அம்மா சீட்டை வாங்கி, எழுத்தெழுத்தாகப் பார்த்தாள், பார்ப்பதற்குக் கைடு இல்லை, இருந்தும் பார்த்தாள். இந்த ஒரு கணக்குக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது, உள்ளே இரண்டு பாகம் புத்தகம் இருக்கிறது, ஜெனிட்டா இதை சைக்கிளில் ஏறுவதற்குள் சொல்லியிருப்பாள், அவளுக்குக் காமர்ஸ். “என்ன பண்றது இப்ப” என்றாள் அம்மா, “உள்ள போய் என்னன்னு சொல்றது?” கணக்கே எடுத்துக்கறேன்மா என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். “நல்லுசாமி சார்கிட்ட, தெரியாதுன்னு சொல்லிட்டுத்தான் எடுத்துக்கணும். மார்க் கொறையும். ரொம்பக் கொறையும். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்.” எவ்வளவு கொறையும் என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன். ஃபெயில் ஆயிருவியா? தெரியலம்மா. இன்ஜினியரிங் கெடைக்காதா? தெரியலம்மா. அவள் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திருப்பிக் குடுக்கோணும் வா என்றாள்.

வராந்தாவுக்குப் போனோம். எங்கள் டோக்கன் முடிந்துவிட்டது, பெஞ்சு நிறைந்திருந்தது, கதவு சாத்தியிருந்தது. அம்மா யாரையும் இடம் கேட்கவில்லை. சுவரோரமாக நடந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றோம்.